நுங்கு வண்டியும் தகப்பனாரும்

கடம்பூர்ப் பகுதியின் மானாவாரிக் கரிசலில் மாசியோடு அறுவடை முடிந்தால், கோடை முழுவதும் நிலம் தரிசாகக் கிடக்கும். கடன் மனுக்களில் இதனை ‘வேலையற்ற காலம்’ என எழுதுவோர் உண்டு. சிறு பிள்ளைகளையுடைய தகப்பனாருக்கு அச்சொல் பொருந்தாது.

சித்திரையில் நுங்கு வந்துவிடுகிறது. நுங்கு தின்ற இரு காய்களை ஒரு குச்சியின் இரு முனைகளிலும் செருகி, நடுவில் நீண்ட கவைக்கம்பைக் கொடுத்துத் தள்ளினால் வண்டி ஓடும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு காய் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருப்பின், வண்டி சிறிய காயின் பக்கமே திரும்பும். இதனைச் சொல்லிக் கொடாமல், மகன் தானே கண்டுகொள்ளும்வரை பொறுத்திருக்கும் தகப்பனாரே சிறந்த உபாத்தியாயர் என்பது எமது அபிப்பிராயம். கரிசல் வெடிப்பில் சக்கரம் விழுந்தால் மட்டும் கை கொடுக்கலாம்!

காசு செலவில்லாத இவ்விளையாட்டுக்கு வரப்பிலுள்ள பனையே மூலதனம். அதற்குத்தான் செங்கற்சூளைக்காரர் விலை பேச வருகின்றனர். மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாது என 2021ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு அறிவித்துள்ளதை அங்கத்தினர்கள் அவர்களிடம் எடுத்துரைக்கலாம். வெட்டிய இடத்தில் வேறு கொட்டை ஊன்றலாமே என்பர் சிலர். ஊன்றலாம், அது காய்ப்பதற்குள் மகனுக்கு மீசை முளைத்துவிடும்.