வில் ஒடித்த தோள்!

மிதிலையில் ராமன் வில்லை ஒடித்தான். ஜாம்ஷெட்பூரில் வில் என்னை ஒடித்துவிட்டது!

வேலைக்காக இந்த இரும்பு ஊருக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. பதினாலு வயதில், பக்கத்துத் தெருவிலிருந்த 'ஹோ' இனத்துப் பெரியவர் ஒருவர் என் கையில் மூங்கில் வில்லைக் கொடுத்தார். 'காகா' என்றுதான் கூப்பிடுவேன். குறி பார்க்கும் கருவி கிருவி எதுவும் அதில் கிடையாது. கண், கை, காற்று... அவ்வளவுதான். 'இந்தியன் ரவுண்ட்' என்று இதற்குத் தனிப் போட்டியே உண்டு. ராஞ்சி பக்கத்திலிருந்து மூங்கில் வில்லோடு கிளம்பிய தீபிகா குமாரி, 2010 டில்லி காமன்வெல்த் போட்டியில் இரண்டு தங்கம் வாங்கினாரே, அதே மண்!

நானும் 30 மீட்டரில் மஞ்சள் வட்டத்தை அடித்தவன்தான். (சாட்சி கேட்காதீர்கள்!) அப்புறம் வேலை, கல்யாணம், சர்க்கரை என்று வரிசையாக வந்தன. வில் பரணில் ஏறியது.

51 வயதில், வலது தோள் ஒருநாள் வேலைநிறுத்தம் அறிவித்தது. சட்டை மாட்ட முடியவில்லை. பின் பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுக்க முடியவில்லை. டீக்கடையில் நண்பர்கள் இதை வேறு மாதிரி அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள்!

"ஃப்ரோசன் ஷோல்டர். சர்க்கரைக்காரங்களுக்கு அதிகமா வரும். பொறுமை வேணும்" என்றார் டாக்டர். பிசியோதெரபி பெண், குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டச் சொன்னாள். சுவரில் விரல்களைப் பல்லி மாதிரி ஏற்றி, எட்டிய இடத்தில் தினமும் பென்சில் கோடு போடச் சொன்னாள்.

"கோடு சரிங்க... வெள்ளையடிக்கிறது யாரு?" என்றாள் மனைவி.

ஒரு வருஷத்தில் கோடு தலைக்கு மேலே போனது. எனக்கும் தலைக்கு மேலே போனது, கர்வம்! பரணிலிருந்து பழைய 38 பவுண்டு வில்லை இறக்கி, ஒரே இழுப்பு. தோளுக்குள் யாரோ கத்தியைச் செருகிய மாதிரி இருந்தது. மறுபடி இரண்டு மாதம் படுக்கை.

அப்போது படித்தேன். 1545-ல் கடலில் மூழ்கி, 1982-ல் வெளியே எடுக்கப்பட்ட 'மேரி ரோஸ்' என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலில், வில்களோடு எலும்புக்கூடுகளும் கிடைத்தன. சிலவற்றில் தோள்பட்டை எலும்பின் நுனி ஒட்டாமலே இருந்ததாம். சின்ன வயசிலிருந்தே பெரிய வில்லை இழுத்ததால் இருக்கலாம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். அடடா, நமக்கு முன்னோர் இருக்கிறார்கள்!

காகா பார்க்க வந்தார். எண்பது தாண்டியவர். "சாயங்காலம் வில்லை என்ன செய்வோம்?" என்று இந்தியில் கேட்டார்.

"நாணைக் கழட்டிடுவோம்."

"ஏன்?"

"ஏத்தியே வச்சா மூங்கில் தளர்ந்துடும்."

"மூங்கிலுக்குத் தெரியுது. உனக்குத் தெரியலையே! வில்லைக் கையால இழுக்காதே, முதுகால இழு. அதுவும் சின்ன வில்லா எடு."

வெட்கத்தைவிட்டு 18 பவுண்டு வில் வாங்கினேன். மைதானத்தில் என் பக்கத்தில் நிற்பவர்களுக்குப் பன்னிரண்டு வயது. அவர்களுக்கு 30 மீட்டர், எனக்குப் பத்து! முதலில் ரப்பர் பட்டையை இழுத்து உடம்பைச் சூடாக்குவேன். தோளை உயர்த்தாமல், முதுகெலும்பை நோக்கித் தோள்பட்டை நகர்கிற மாதிரி நாணை இழுப்பேன். நாளைக்கு முப்பது அம்பு. வலி எட்டிப் பார்த்தால் மூன்றாவது அம்பிலேயே மூட்டை கட்டிவிடுவேன்.

போன மாதம் ஓர் அம்பு மஞ்சளில் தைத்தது. ஒரு பொடியன் கை தட்டினான். பதினாலு வயதில்கூட எனக்கு அப்படித் தொண்டை அடைத்ததில்லை.

38 பவுண்டு வில் இப்போது சுவரில், பென்சில் கோடுகளுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. நாண் கழற்றித்தான் வைத்திருக்கிறேன்.

அன்று மாலை டீக்கடையில், பின் பாக்கெட்டுக்குக் கை போனது, பர்ஸோடு திரும்பி வந்தது. தோள் குணமாகிவிட்டது என்று நண்பர்கள் நம்பியது அப்போதுதான்!