விசிறி சுற்றுகிறது, காற்று போகிறதா?

நம்மூர்க் கடைகளில் மேசைக் கணினியின் பெட்டியை மொத்தமாகவே ‘சிபியு’ என்பார்கள். உண்மையில் சிபியு (பிராசஸர்) என்பது அந்தப் பெட்டிக்குள், ஒரு சதுர பிஸ்கட் அளவில் உட்கார்ந்திருக்கும் சில்லு. பெட்டியின் பெயர் கேபினெட். “இதுல ஆறு ஃபேன் இருக்கு சார்” என்று கடைக்காரர் காட்டும்போது ஆறும் வண்ண விளக்கோடு சுற்றுகின்றன. நமக்கும் மனம் குளிர்கிறது. பெட்டி குளிர்கிறதா என்பதை மட்டும் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

கணினி கணக்குப் போடுகிறது, படம் காட்டுகிறது. ஆனால் அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகவே முடிகிறது. 300 வாட் இழுக்கும் கணினி, வெப்பக் கணக்கில் ஒரு 300 வாட் ஹீட்டர். அந்த வெப்பம் பெட்டியை விட்டு வெளியேறக் காற்றுதான் முக்கிய வாகனம். அதுவோ அதிகம் சுமக்காத வாகனம். ஒரு கன மீட்டர் காற்றின் வெப்பநிலையை 1 டிகிரி உயர்த்தச் சுமார் 1,200 ஜூல் போதும். ஆகவே 300 வாட் வெப்பத்தைச் சுமந்துகொண்டு, உள்ளே போனதைவிட 10 டிகிரி மட்டுமே கூடுதல் சூட்டில் காற்று வெளியே வர வேண்டுமென்றால், நொடிக்கு 25 லிட்டர் காற்று பெட்டி வழியாகப் போயாக வேண்டும். வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன் 20 லிட்டர். நொடிக்கு ஒன்றேகால் கேன் காற்று! அது பாதியானால் சூடு 20 டிகிரி ஏறும். கோடையில் அறையே 34 டிகிரி என்றால் பின்பக்கம் வருவது 54 டிகிரி அனல்.

25 லிட்டர் என்பது, ஃபேன் அட்டையில் அச்சிடும் அளவில் நிமிடத்துக்கு 53 கன அடி. 120 மி.மீ. ஃபேன்கள் பலவற்றின் அட்டையில் இதையொட்டிய எண்ணைப் பார்க்கலாம். அப்படியானால் ஒரே ஃபேன் போதுமே? போதாது. அந்த எண், ஃபேனுக்கு முன்னும் பின்னும் எந்தத் தடையும் இல்லாதபோது கிடைப்பது. முன்னால் கண்ணாடி முகப்பு, அதற்குப் பின் தூசி வடிகட்டி, உள்ளே ஒயர்க் கற்றை என்று ஒவ்வொன்றும் எதிர்த்து நிற்க, காற்றின் அளவு குறைந்துகொண்டே போகும். இறக்கை சுற்றும் வேகமோ ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். வேடிக்கை பார்ப்பவர் ஏமாறுவது இங்கேதான்.

சோதனையை ஃபேனின் திசையிலிருந்து தொடங்கலாம். ஃபேனின் ஒரு பக்கம் இறக்கைகள் திறந்தபடி தெரியும். மறுபக்கம் மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் இருக்கும். காற்று திறந்த பக்கம் நுழைந்து, சட்டங்கள் இருக்கும் பக்கம் வெளியேறும். முன்பக்கமும் அடிப்பக்கமும் காற்றை உள்ளே இழுப்பது, பின்பக்கமும் மேல்பக்கமும் வெளியே தள்ளுவது, இதுவே வழக்கமான அமைப்பு. ஒரு ஃபேன் திருப்பி மாட்டப்பட்டிருந்தாலும் காற்று குழம்பிப்போகும்.

அடுத்துக் கையை வைத்துப் பார்ப்போம். பின்பக்கம் காற்று நன்றாக அடிக்கும், முன்பக்கம் ஒன்றுமே தெரியாது. உடனே முன் ஃபேன் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கலாம், உறிஞ்சி அணைக்க முடியாது. ஊதும் காற்று ஒரே தாரையாகப் பாய்கிறது. உறிஞ்சப்படும் காற்று நாலாபக்கமும் இருந்து மெல்ல வந்து சேர்கிறது. அதனால் முன்பக்கத்துக்குக் கை உதவாது. மெல்லிய டிஷ்யூ தாளில் ஒரு துண்டைக் கிழித்து முகப்புச் சல்லடையில் வைத்தால், ஒட்டிக்கொள்கிறதா விழுகிறதா என்பது பதில் சொல்லிவிடும்.

இன்னும் நுணுக்கமாகப் பார்க்க ஒரு ஊதுபத்தி போதும். சாம்பல் உள்ளே விழாமல், பெட்டிக்கு வெளியே சற்றுத் தள்ளிப் பிடித்து, ஓரிரு நிமிடத்தில் முடித்துக்கொள்ள வேண்டும். முன்பக்கம் புகை நேராக உள்ளே போகிறதா, முகப்பில் மோதிச் சிதறுகிறதா என்று பாருங்கள். பிறகு ஃபேன் இல்லாத இடுக்குகளுக்கும், பின்பக்கத் துளைப் பட்டைகளுக்கும் வாருங்கள். அங்கே புகை உள்ளே இழுபட்டால், வரும் காற்றைவிட வெளியே தள்ளும் பலம் அதிகம் என்று பொருள். அப்போது வடிகட்டி இல்லாத ஒவ்வொரு இடுக்கும் தூசிக்கு வாசல். புகை விலகிப் போனால் உள்ளழுத்தம் சற்றுக் கூடுதல். காற்றில் பெரும்பங்கு வடிகட்டி வழியாகவே நுழையும். தூசி மிகுந்த ஊர்களுக்கு இதுவே நல்லது.

பக்கக் கண்ணாடி வழியே இன்னொன்றும் தெரியலாம். மேல்தட்டில் முன்னோரமாக ஒரு ஃபேன் வெளியே தள்ளிக்கொண்டிருந்தால், முன்னால் நுழைந்த புதுக் காற்றில் ஒரு பங்கை, பிராசஸரை எட்டும் முன்பே அது இழுத்துக்கொண்டு போய்விடும். சூடான காற்று மேலே எழும் என்பது உண்மைதான். ஆனால் அந்த விசை மிகச் சிறியது. பெட்டிக்குள் காற்று எங்கே போக வேண்டும் என்பதை ஃபேன்களே தீர்மானிக்கின்றன.

புகை பாதையைக் காட்டும். போதுமா என்று சொல்வது வெப்பமானிதான். கனமான வேலை ஒன்றைக் கொடுத்து, பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு இரண்டின் வெப்பநிலையும் ஏறி ஒரு நிலையில் நிற்கும்வரை காத்திருங்கள். அதிலிருந்து அறையின் வெப்பநிலையைக் கழித்துக் குறித்துக்கொள்ளுங்கள். கழிக்காவிட்டால் மார்கழிக் கணக்கையும் சித்திரைக் கணக்கையும் ஒப்பிட முடியாது. இப்போது பக்கக் கதவைக் கழற்றி, அதே வேலையை மறுபடி ஓட விடுங்கள். சூடு சட்டென்று 10 டிகிரி இறங்கினால் பெட்டி மூச்சுத் திணறியிருக்கிறது. பெரிதாக மாறவில்லை, ஆனாலும் சில்லு கொதிக்கிறது என்றால், சில்லின் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை வாங்கும் ஹீட்சிங்கையும், அதன் அடியிலுள்ள பசையையும் பார்க்க வேண்டும். ஃபேன் மேல் பழி போடுவதில் பயனில்லை.

திணறும் பெட்டிக்கு வேகமான ஃபேன் வாங்கத் தோன்றும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் காற்று இரட்டிப்பாகும். ஆனால் ஃபேனுக்குத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும், இரைச்சலும் கூடவே ஏறும். வடிகட்டியைக் கழற்றித் தட்டுவதற்குச் செலவே இல்லை.

பெட்டிக்குள் எல்லாம் சரியாக இருந்தும் சூடு தணியாத நிலை உண்டு. அப்போது ஊதுபத்தியைப் பின்பக்கம், காற்று வெளியேறும் இடத்தில் பிடித்துப் பாருங்கள். கணினி மேசையின் அடைப்புக்குள் சுவரோடு ஒட்டிக் கிடக்கும் பெட்டி என்றால், அந்தப் புகை சுவரில் மோதித் திரும்பி, பக்கவாட்டில் ஊர்ந்து, முன்பக்கம் வழியாக மறுபடி உள்ளே நுழையும். தான் விட்ட அனலைத் தானே குடித்துக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டிக்கு ஏழாவது ஃபேன் எதற்கு? அடைப்பிலிருந்து எடுத்து, சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள்.