ஒரே அலைவரிசை, பல அறைகள்

1946-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் தொடங்கிய கார்த் தொலைபேசிச் சேவையில், நகர் முழுமைக்கும் ஒரே வலுவான ஒலிபரப்பு நிலையம் இருந்தமையால், ஒருவர் பேசும் அலைவரிசையை அவர் முடிக்கும்வரை வேறெவரும் பயன்படுத்த இயலவில்லை. 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் ரிங், சக பொறியாளர் ரே யங்கின் துணையுடன் எழுதிய உள்சுற்றுக் குறிப்பு, நிலப்பரப்பை ‘செல்’ எனப்படும் அறுகோணச் சிற்றறைகளாகப் பகுத்து, போதிய தொலைவிலுள்ள அறைகளுக்கு அதே அலைவரிசைகளை மீண்டும் வழங்கலாம் என்றது. அலைவெண் ஒதுக்கீடும் உரிய மின்னணு இணைப்பகங்களும் இல்லாமல் அந்த யோசனை இருபதாண்டுக்கு மேல் கிடப்பில் இருந்தது.

‘போதிய தொலைவு’ எவ்வளவு என்பதே உண்மையான சிக்கல். ஒரே அலைவரிசையில் இயங்கும் இரு நிலையங்களின் அலைகள் ஒன்றோடொன்று கலப்பதாகிய குறுக்கீடு, கிலோமீட்டர் கணக்கைவிட, நிலையங்களுக்கு இடையிலான தொலைவுக்கும் அறையின் ஆரத்துக்கும் உள்ள விகிதத்தையே பொறுத்தது என்பதை பெல் ஆய்வகத்தின் ஜோயல் எங்கல் 1969-இல் வெளியிட்ட ஆய்வு ஆராய்ந்தது. ஏழு அறைகளுக்கு ஒருமுறை அலைவரிசைகள் திரும்ப வரும் அமைப்பில் அவ்விகிதம் சுமார் 4.6, ஒலிபரப்புத் திறனைக் குறைத்து அறைகளைச் சுருக்கினாலும் அது மாறாது என்பதால், நெரிசல் மிக்க பகுதிகளில் அறைகளை மேலும் பிரித்துக் கூடுதல் அழைப்புகளை ஏற்க முடிந்தது. ஒரு திசையை மட்டும் நோக்கும் அலைவாங்கிகள் குறுக்கீட்டை மேலும் தணித்தன. இம்முறையின் கள ஆய்வு 1978-இல் சிகாகோவில் நடந்தது.