நூற்றுக்கு நாலு ரூபாய்க் கணக்கு

செல்போனில் ஆடப்படும் ஸ்லாட் விளையாட்டுகளில், முறையாக உரிமம் வாங்கிய பலவற்றின் விதிமுறைப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். பெரும்பாலும் 96 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கட்டப்படும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் சராசரியாக 96 ரூபாய் ஆடுகிறவர்களுக்கே பரிசாகத் திரும்பிவிடும், நடத்துகிறவருக்கு மிஞ்சுவது நாலே ரூபாய் என்பது அதன் பொருள். இதில் பொய் இல்லை. எந்தச் சுழற்சியில் (ஸ்பின்) எது விழும் என்பதைத் தீர்மானிக்கும் மென்பொருளைச் சோதனைக்கூடங்கள் பரிசோதித்துச் சான்றும் தருகின்றன. ஆகவே ‘எல்லாம் ஏமாற்று வேலை’ என்று ஒரே போடாகப் போடுகிறவர்கள், எதிர்த்தரப்புக்கு வேலையைச் சுலபமாக்கிக் கொடுக்கிறார்கள். சான்றிதழை எடுத்து நீட்டினால் அந்த வாதம் அங்கேயே முடிந்துபோகும். துளிக் கள்ளத்தனமும் இல்லாமல், சொன்ன சதவீதத்தைச் சொன்னபடியே திருப்பிக் கொடுக்கும் ஸ்லாட்டும் ஒருவரை ஓட்டாண்டி ஆக்கும். எப்படி என்பதை அந்தச் சதவீதத்துக்குள் தேடினால் கிடைக்காது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

ஒருவர் 500 ரூபாய் போட்டு, ஸ்பின்னுக்கு 10 ரூபாய் வீதம் ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நாலு சதவீதம் அவர் கொண்டுவந்த 500 ரூபாயில் ஒரே ஒரு தடவை பிடித்துக்கொள்ளப்படுவதில்லை. அவர் கட்டுகிற ஒவ்வொரு பந்தயத்திலும் பிடிக்கப்படுகிறது. விழுந்த பரிசு கணக்கில் ஏறுகிறது, அதே பணம் மறுபடி பந்தயத்துக்குப் போகிறது, மறுபடி நாலு சதவீதம் கழிகிறது. இப்படியே போனால் 500 ரூபாயும் தீர, சராசரியாக 12,500 ரூபாய்க்குப் பந்தயம் கட்டியிருப்பார். அதாவது 1,250 ஸ்பின். பெரிய எண்ணாகத்தான் தெரியும். ஸ்பின்னுக்கு இரண்டரை விநாடி என்றால் மொத்தம் 52 நிமிடம். ஒருவருக்குப் பத்து நிமிடத்தில் போகலாம், இன்னொருவர் நடுவில் ஆயிரமாக்கியும் பார்க்கலாம், சராசரி இதுதான். 96 சதவீதம் திரும்பி வந்ததும் உண்மை, ஒரு மணி நேரத்துக்குள் 500 ரூபாயும் போனதும் உண்மை.

தமிழ்நாட்டில் 2003-ல் தடை செய்யப்பட்ட லாட்டரியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சீட்டு விற்ற பணத்தில் பாதிதான் பரிசாகத் திரும்புகிறது என்று கொள்வோம். சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஸ்லாட்டைவிடப் பல மடங்கு மோசம். ஆனால் தினமும் 50 ரூபாய்க்கு ஒரு சீட்டு வாங்கி, விழுந்த சில்லறைப் பரிசையும் சீட்டிலேயே போடுகிறவருக்குக்கூட அதே 500 ரூபாய் சராசரியாக 20 நாள் தாங்கும். குலுக்கல் நாளுக்கு ஒருமுறைதான் என்றும் கொள்வோம். அதுவரை சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேறு வேலையைப் பார்த்தாக வேண்டும். அந்த லாட்டரியே கூலித் தொழிலாளர் குடும்பங்களை என்ன பாடு படுத்தியது என்பது ஊரறிந்த கதை. காத்திருப்பு என்கிற ஒரே வேகத்தடையையும் பிடுங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்லாட்தான் விடை.

வேகம் இதில் தானாக வந்து சேர்ந்ததல்ல. 1890-களில் சான்பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே செய்த ‘லிபர்ட்டி பெல்’ இயந்திரத்தில் காசைப் போட்டு, பக்கவாட்டுக் கைப்பிடியை இழுத்து, மூன்று சக்கரங்களும் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கை வலிக்கும், சில்லறை தீரும். பொத்தான் வந்தபோது கைப்பிடி போனது. கணினி வந்தபோது சக்கரமே பொம்மையானது. 1984-ல் டெல்னாஸ் என்பவர் அமெரிக்காவில் பெற்ற காப்புரிமைதான் திருப்புமுனை. கண்ணுக்குத் தெரியும் சக்கரத்தில் 22 இடங்கள் என்றால், மூன்று சக்கரத்துக்கும் சேர்த்து 10,648 விதமாகத்தான் நிற்க முடியும். அதை உள்ளே 64 இடங்கள் கொண்ட கற்பனைச் சக்கரத்தோடு இணைத்துவிட்டால் 2,62,144 விதம். வெளியே தெரிவது பழைய சக்கரம், உள்ளே ஓடுவது வேறு கணக்கு. பரிசுப் படத்துக்கு மேலும் கீழுமுள்ள வெற்றிடங்களுக்குக் கூடுதல் எண்களை ஒதுக்கினால், ‘அடடா, மயிரிழையில் தப்பிவிட்டதே’ என்று ஆடுகிறவரை அடிக்கடி எண்ண வைக்கலாம். அப்படி எண்ணுகிறவர் எழுந்து போவதில்லை. நூலிழையில் தவறும் முடிவுகள் மூளையில் வெற்றிக்கான பகுதிகளையே தூண்டி, ஆடும் ஆசையையும் கூட்டுகின்றன என்று கேம்பிரிட்ஜின் லூக் கிளார்க் குழுவினர் 2009-ல் காட்டினார்கள்.

இதற்கும் ஒரு படி மேலே போன உத்தி ஒன்று உண்டு. திரையில் குறுக்கும் நெடுக்குமாக இருபது வரிசைகள். வரிசைக்கு 50 பைசா வீதம் 10 ரூபாய் கட்டியாகிறது. ஒரு வரிசையில் 3 ரூபாய் விழுகிறது. 7 ரூபாய் நட்டம். ஆனால் செல்போன் மணியடிக்கிறது, தங்கக் காசுகள் கொட்டுகின்றன. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த மாறுவேட நட்டங்களின்போது ஆடுகிறவர்களின் தோலில் ஏற்படும் மின்மாற்றங்களை அளந்து 2010-ல் வெளியிட்டார்கள். உடல் அதை வெற்றியாகவே எடுத்துக்கொள்கிறது. லாஸ் வேகாஸில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த மானிடவியலாளர் நடாஷா டோ ஷூல், 2012-ல் வெளியான தன் நூலில் இன்னொன்றைச் சொல்கிறார்: அவர் பேசிய தீவிர ஆட்டக்காரர்களுக்கு ஜெயிப்பது இரண்டாம்பட்சம். ஆட்டம் நிற்காமல் ஓட வேண்டும், அந்த ஓட்டத்துக்குள் மற்ற எல்லாம் மறந்துபோக வேண்டும், அவ்வளவுதான். விழுந்த பரிசுகூட அவர்களுக்கு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பதற்கான செலவுப் பணம்.

‘இதுவும் பொழுதுபோக்குதானே, சினிமாவுக்குச் செலவு செய்வதில்லையா, அவரவர் காசு அவரவர் இஷ்டம்’ என்ற வாதத்தை நான் லேசாகத் தள்ளமாட்டேன். வளர்ந்த மனிதர் தன் காசை வீணாக்கக் கூடாது என்று சட்டம் போட்டால் பாதிக் கடைத்தெருவை மூட வேண்டிவரும். ஆனால் சினிமாவுக்கு டிக்கெட் விலை முன்கூட்டியே தெரியும், இரண்டரை மணி நேரத்தில் விளக்கைப் போட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள். ஸ்லாட்டில் ஒரு மணி நேரத்தின் விலையை எவரும் எழுதிப் போடுவதில்லை. மேலே சொன்ன அதே ஆட்டம் மணிக்குச் சராசரியாக 576 ரூபாய் தின்னும். ‘டர்போ’வைத் தட்டி ஸ்பின்னை ஒரு விநாடியாக்கினால் 1,440 ரூபாய். விலை இரண்டரை மடங்கு ஏறியாயிற்று, விதிமுறைப் பக்கத்தில் அதே 96. விலையை மறைத்துவிட்டு வாங்குகிறவரின் இஷ்டத்தைப் பற்றிப் பேசுவதில் நியாயம் இல்லை.

இந்த வேகத்தைக் கட்டுப்படுத்த முதலில் விதி கொண்டுவந்த நாடுகளில் பிரிட்டன் ஒன்று, அங்கே இணைய ஸ்லாட் சட்டப்படி நடக்கிற தொழில். 2021 அக்டோபர் 31 முதல் ஒரு ஸ்பின் இரண்டரை விநாடிக்குக் குறையக் கூடாது, ஆட்டோ ஸ்பின் கூடாது, நட்டத்தை வெற்றிபோலக் கொண்டாடக் கூடாது, எவ்வளவு நேரம் ஆகிறது, எவ்வளவு போயிருக்கிறது என்பதைத் திரையில் காட்ட வேண்டும். ஜெயித்த பணத்தை எடுக்க விண்ணப்பித்தவர், அது கைக்கு வருவதற்குள் மனம் மாறி ஆட்டத்துக்கே திருப்பும் வசதியும் ஒழிந்தது. ‘ஜெயித்தவர்களும் இருக்கிறார்களே’ என்பவர்கள் இந்தக் கடைசி விதி ஏன் தேவைப்பட்டது என்று யோசிக்கலாம். ஆனாலும் வேகத்துக்குக் கடிவாளம் போட்டவர்கள் தொகையை மூன்றரை ஆண்டு திறந்துவிட்டார்கள். 2025-ல்தான் ஸ்பின்னுக்கு 5 பவுண்டு, 18 முதல் 24 வயதினருக்கு 2 பவுண்டு என்று உச்சவரம்பு வந்தது. இன்றும் 5 பவுண்டு வீதம் விடாமல் ஆடினால் மணிக்கு 7,200 பவுண்டுக்குப் பந்தயம் கட்டலாம். இதைப் போதும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

‘இந்தியாவில்தான் தடை செய்தாயிற்றே’ என்று கேட்கலாம். 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்திய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய பஞ்சாயத்தையே ஓரங்கட்டி, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடுத்தது. நடத்துகிறவருக்கு மூன்றாண்டுச் சிறையும் ஒரு கோடி ரூபாய் அபராதமும் வரை விதிக்கலாம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை, அது சரியான முடிவு. ஆனால் காசை வாங்கிக்கொண்டு நாணயங்களைக் கொடுத்து, ஜெயித்ததைப் பணமாக எடுக்கவே விடாத ‘சோஷியல் கேசினோ’ ஆப்களை என்ன செய்வது? சட்டத்தின் வரையறை பண ஆதாயத்தை எதிர்பார்ப்பதை மையமாக வைத்திருப்பதால், ‘எங்களிடம் அது கிடையாது’ என்று வாதாட இடம் இருக்கிறது. அமெரிக்காவிலும் இதே வாதம் வைக்கப்பட்டது. பிக் ஃபிஷ் கேசினோ என்ற இத்தகைய ஆப் மீதான வழக்கில் 2018-ல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காசாக்க முடியாவிட்டாலும், அங்கே விற்கப்படும் ‘சிப்ஸ்’ என்ற நாணயம் ஆட்டத்தை நீட்டிக்கும் உரிமையைத் தருகிறது. ஆகவே வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி அது மதிப்புள்ள பொருளே என்று தீர்ப்பானது. நேரத்தைத்தான் விற்கிறார்கள் என்பதை ஒரு நீதிமன்றம் இவ்வளவு நேராகப் பிடித்தது எனக்கு வியப்பே.

நம் ஊரிலும் அந்தப் பார்வைக்கு முன்னுதாரணம் இருக்கிறது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை நிறுத்திவைக்கச் சொன்ன தமிழ்நாட்டின் விதியை 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லும் என்றது. எதை ஆடுகிறார் என்பதோடு எந்த நேரத்தில் ஆடுகிறார் என்பதையும் அரசு கேட்கலாம் என்று அதனால் உறுதியாயிற்று. அடுத்து, நாணயம் விற்கும் ஸ்லாட் ஆப் ஒவ்வொன்றும், ஒரு மணி நேர ஆட்டத்துக்கு ஆகும் சராசரிச் செலவை ரூபாயில், ஸ்பின் பொத்தானுக்கு மேலேயே, பொத்தானின் அளவு எழுத்தில் போட வேண்டும் என்று கேட்கலாம். டர்போவைத் தட்டும்போது அந்த எண்ணும் கூடவே ஏற வேண்டும்.