உங்க பே ஸ்லிப்புக்குப் பின்னாடி நிக்கிற அதிகாரி: கலிஃபோர்னியா லேபர் செக்ரட்டரி

கலிஃபோர்னியாவுல வேலை பாக்குறவங்க உங்க பே ஸ்லிப்பை ஒரு தடவை திறந்து பாருங்க. அங்க போற பிளான்ல இருக்கிறவங்க, ஏற்கெனவே போன ஃப்ரெண்டுகிட்ட கேட்டுப் பாருங்க. ஃபெடரல் டாக்ஸ், ஸ்டேட் டாக்ஸ், மெடிகேர் எல்லாம் தாண்டி 'சிஏ எஸ்டிஐ'ன்னு ஒரு வரி இருக்கும். உடம்பு முடியாம வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு மாநில அரசு நடத்துற இன்ஷூரன்ஸ் அது. 2025-ல் இதோட ரேட் 1.2 சதவீதம். வருஷ சம்பளம் 2 லட்சம் டாலர்னா 2,400 டாலர் இதுக்கே போயிடும்.

முன்னாடி இதுக்கு ஒரு உச்சவரம்பு இருந்துச்சு. 2023-ல் 1,53,164 டாலருக்கு மேல வர்ற சம்பளத்துல பிடிக்க மாட்டாங்க. 2024 ஜனவரி 1-லிருந்து அந்த வரம்பையே தூக்கிட்டாங்க. ஐடி-ல நல்லா சம்பாதிக்கிற நம்ம ஆளுங்க பலருக்கு டேக் ஹோம் குறைஞ்சதுக்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, இந்தப் பணம் யார் கையில போகுது? இடிடி-ங்கிற வேலைவாய்ப்புத் துறைக்கு. அந்தத் துறை யாருக்குக் கீழ? அவர்தான் இன்னைக்கு நம்ம டாபிக்: கலிஃபோர்னியாவோட லேபர் அண்ட் ஒர்க்ஃபோர்ஸ் டெவலப்மென்ட் ஏஜென்சி செக்ரட்டரி. பேர் ரொம்ப நீளம், அதனால லேபர் செக்ரட்டரின்னே வெச்சுக்குவோம்.

நம்ம ஊர்ல தொழிலாளர் நலத்துறை அமைச்சர்னா எம்எல்ஏ-வா ஜெயிச்சு வந்தவரா இருப்பார். அங்க அப்படி இல்ல. கவர்னர் ஒருத்தரை நியமிப்பார், மாநில செனட் ஒப்புதல் கொடுக்கணும். (அங்க கவர்னர்னா நம்ம ராஜ்பவன் கவர்னர் மாதிரி நினைக்காதீங்க. ஓட்டு வாங்கி ஜெயிச்சு வர்றவர், நம்ம முதலமைச்சர் மாதிரி.) 2002-ல் உருவான இந்த ஏஜென்சிக்குக் கீழதான் வேலையில்லா உதவித்தொகை, சம்பள பாக்கி புகார், வேலையிடப் பாதுகாப்பு, திறன் பயிற்சின்னு எல்லாத் துறையும் வருது. அதாவது நீங்க ஓட்டே போடாத ஒருத்தர் நடத்துற ஆபீஸ்கள்ல உங்க பணம் நிறைய மாட்டியிருக்கு.

கொடுத்த பணத்தைத் திருப்பி வாங்குங்க

அந்த எஸ்டிஐ பிடித்தத்துக்குள்ளேயே பெய்டு ஃபேமிலி லீவும் அடக்கம். குழந்தை பிறந்தா, அப்பாவும் சரி அம்மாவும் சரி, 8 வாரம் வரைக்கும் சம்பளத்துல 70-லிருந்து 90 சதவீதம் இடிடி-கிட்ட இருந்து வாங்கலாம். 2025-ல் வாரத்துக்கு அதிகபட்சம் 1,681 டாலர். 8 வாரத்துக்குக் கணக்குப் போட்டா 13,448 டாலர்! அப்பா அம்மாவுக்கு உடம்பு ரொம்ப முடியலைன்னாலும் பாத்துக்கிறதுக்காக இதை எடுக்கலாம். எச்-1பி-ல இருந்தாலும் கிடைக்கும், விசா ஸ்டேட்டஸ் இதுக்குத் தடை இல்ல. லீவு ஆரம்பிச்சு 41 நாளுக்குள்ள அப்ளை பண்ணணும், அது முக்கியம்.

ஆனா வேலை போனா வர்ற உதவித்தொகை வேற கதை. வாரத்துக்கு அதிகபட்சம் 450 டாலர். 2005-லிருந்து அதே 450! பே ஏரியா வாடகைக்கு இது எந்த மூலைக்கு? அதுவும் வேலை செய்ய சட்டப்படி அனுமதி இருக்கிறவங்களுக்குத்தான். அதனால எச்-1பி-ல இருக்கிறவங்க எமர்ஜென்சி ஃபண்டுல இதைக் கணக்குலயே சேர்க்காதீங்க.

லே ஆஃப் ஆனா என்ன நடக்கணும்?

கம்பெனி உங்களை அனுப்புதுன்னா, அன்னைக்கே கடைசி சம்பளம் முழுசா கையில வரணும். நீங்களா திடீர்னு பேப்பர் போட்டா 72 மணி நேரத்துக்குள்ள. எடுக்காம சேர்ந்து கிடக்கிற வெகேஷன் நாளும் சம்பளம்தான், அதுக்கும் காசு கொடுத்தே ஆகணும். ('அன்லிமிடெட் லீவு' கம்பெனியில பெரும்பாலும் இது வராது. அந்த ஆஃபரைப் பார்த்து மயங்குறவங்க இதையும் யோசிங்க.)

உதாரணத்துக்கு வருஷம் 1,56,000 டாலர் சம்பளம்னா ஒரு நாளைக்கு 600 டாலர். 10 நாள் லீவு பாக்கின்னா 6,000 டாலர். தெரிஞ்சே கம்பெனி இழுத்தடிச்சா, லேட் ஆகுற ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாள் சம்பளம் அபராதம், 30 நாள் வரைக்கும். அதாவது 18,000 டாலர் வரை. இந்தக் காசு அரசாங்கத்துக்கு இல்ல, உங்களுக்கு.

கொடுக்கலைன்னா லேபர் கமிஷனர் ஆபீஸ்ல புகார் கொடுக்கலாம். ஃபீஸ் கிடையாது, வக்கீல் வேணும்னு கட்டாயம் இல்ல. புகார் கொடுத்ததுக்காக உங்க விசாவைக் காட்டி கம்பெனி மிரட்டுறதும் சட்டப்படி தப்பு. ஆனா ஒண்ணு, கன்சல்டன்சி உங்களை பெஞ்ச்சுல உக்கார வெச்சு எச்-1பி சம்பளத்தை நிறுத்தினா, அந்த விசா விதி மத்திய அரசோடது. அதுக்கு அமெரிக்க லேபர் டிபார்ட்மென்ட்டோட வேஜ் அண்ட் ஹவர் பிரிவுக்குத்தான் போகணும்.

சட்டம் ஓகே, ஆபீஸ்?

இங்கதான் மேல உக்காந்திருக்கிறவர் யாருங்கிறது முக்கியமாகுது. ஜூலி சூ-ன்னு ஒருத்தர். 1995-ல் எல் மான்டேயில அடைச்சு வெச்சு துணி தைக்க வெச்ச தாய்லாந்துத் தொழிலாளர்களுக்காக வாதாடின வக்கீல். 2011-லிருந்து லேபர் கமிஷனர், 2019-ல் லேபர் செக்ரட்டரி. தொழிலாளர் பக்கம் நிக்கிறவர்னு பேர் எடுத்தவர். ஆனா கோவிட் வந்தப்போ அவருக்குக் கீழ இருந்த இடிடி தடுமாறிடுச்சு. 2021 ஜனவரியில அவரே கணக்கு சொன்னார்: கொடுத்த 11,400 கோடி டாலர்ல சுமார் 10 சதவீதம் மோசடின்னு உறுதியாயிடுச்சு, இன்னும் 17 சதவீதத்து மேல சந்தேகம். ஜெயில்ல இருந்த கைதிங்க பேர்லயும் பணம் போயிருந்துச்சு. நிஜமா வேலை போனவங்களோ போன் லைன் கிடைக்காம காத்துக்கிடந்தாங்க. பின்னாடி பைடன் அவரை மத்திய லேபர் செக்ரட்டரியா நியமிச்சப்போ எதிர்த்தவங்க திரும்பத் திரும்ப இதைத்தான் எடுத்தாங்க. செனட் ஒப்புதல் கடைசி வரைக்கும் கிடைக்கல, பொறுப்பு செக்ரட்டரியாவே இருந்தார்.

சம்பள பாக்கி புகாரும் அதே நிலைமைதான். 135 நாளுக்குள்ள முடிவு சொல்லணும்னு சட்டம். ஆனா 2024 மே மாசம் மாநில ஆடிட்டர் கொடுத்த ரிப்போர்ட்படி, 2022-23 நிதியாண்டு முடிவுல 47,000 புகார் தேங்கிக் கிடந்துச்சு. பல கேஸுக்கு 2 வருஷத்துக்கு மேல ஆகுது. காரணம்? போதுமான ஆள் இல்ல. என்னைக் கேட்டா, ஒரு லேபர் செக்ரட்டரியை அவர் பேச்சை வெச்சு எடை போடாதீங்க, இந்த நம்பர் குறையுதான்னு பாருங்க.

அதுவரைக்கும் உங்க பக்கம் பேப்பர் பக்காவா இருக்கணும். லே ஆஃப் மெயில் வந்த நிமிஷமே லாகின் லாக் ஆயிடும்னு உங்களுக்கே தெரியும். அதனால ஆஃபர் லெட்டர், பே ஸ்லிப், லீவு பேலன்ஸ் ஸ்கிரீன்ஷாட் மூணையும் மாசம் ஒரு தடவை பர்சனல் மெயிலுக்கு மாத்தி வைங்க. கம்பெனி கோடு, கஸ்டமர் டேட்டா எதையும் தொடாதீங்க, அது வேற பிரச்சினை. அப்புறம், 75 பேரோ அதுக்கு மேலயோ இருக்கிற கம்பெனி கும்பலா ஆளை எடுக்குதுன்னா 60 நாள் முன்னாடியே நோட்டீஸ் கொடுக்கணும், அது இடிடி-க்கும் போகும். 'வார்ன்' லிஸ்ட்னு இடிடி வெப்சைட்லயே அதை எல்லாருக்கும் போடுறாங்க. உங்க கம்பெனி பேர் அதுல இருக்கான்னு அப்பப்போ ஒரு எட்டு பார்த்துக்கோங்க.