வாத்தியார் சொன்னால் இறங்கிவிட வேண்டும்

1980-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முகமது அலி சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் எம்.ஜி.ஆர். முன்னிலையில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். அதற்கு முந்தைய ஆண்டே ஓய்வு அறிவித்திருந்தவர் அவர். ஆனால் அதே 1980 அக்டோபர் 2 அன்று, 38 வயதில், லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸை எதிர்த்து மறுபடி ரிங் ஏறினார். ஹோம்ஸ் ஒருகாலத்தில் அலிக்குப் பயிற்சியில் எதிர்நின்று பழகியவர்.

எடை குறைய அலி தைராய்டு மாத்திரை சாப்பிட்டிருந்தார். பார்வைக்கு உடம்பு கச்சிதம், உள்ளே தெம்பில்லை. ஒரு ரவுண்டுகூட அவர் பக்கம் வரவில்லை. பத்தாவது ரவுண்டு முடிந்ததும் அவருடைய வாத்தியார் ஏஞ்சலோ டண்டீ சண்டையை நிறுத்தினார். கூட இருந்த உதவியாளர் இன்னும் ஒரே ரவுண்டு என்று மன்றாடியும் அவர் மசியவில்லை. வாலாஜாபாத்தில் சாயங்காலங்களில் பையன்களுக்கு பாக்ஸிங் கற்றுக்கொடுக்கிற எனக்கு, அலி ஜெயித்த சண்டைகளைவிட அந்த முடிவுதான் பெரிது.

பல வருஷம் கழித்துத் திரும்புகிறவரிடம் குத்தின் பலம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். முதலில் போவது கால். அடுத்து கண். எதிராளியின் தோள் அசையும்போதே தலையை விலக்கச் சொல்லும் கண். தலைக்குள் நடப்பது இன்னும் மோசம். வயது ஏற ஏற மூளை சற்றுச் சுருங்கி, மண்டையோட்டுக்கும் அதற்கும் இடைவெளி கூடும். நடுவில் ஓடும் ரத்த நாளங்கள் இழுபட்டு நிற்கும். பலமான குத்து ஒன்று விழுந்தால் அவை அறுந்து உள்ளேயே ரத்தம் கசியலாம்.

ஐயம்பேட்டையில் தறி நெய்கிற பழைய பாக்ஸர் ஒருவர் என்னிடம் வருவார். ஐம்பதை நெருங்குகிறார்.

"வாத்தியாரே, ஒரே ஒரு தடவை போட்டியில ஏறிடறேன்."

"அமெச்சூர்ல நாற்பதுக்கு மேல விடமாட்டாங்கப்பா. விட்டாலும் நான் விடமாட்டேன். பத்து வருஷம் கழிச்சு தறியில உக்காந்தாலும் உன் கை தானா நாடாவைத் தள்ளும். இழை அறுந்தது கண்ணுக்குத் தெரியணுமில்ல?"

கோபித்துக்கொண்டு போனார். மறுவாரமே வந்து பையன்களுக்கு பேட் பிடித்தார்.

யாருமே திரும்பக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மேரி கோம் இரட்டைக் குழந்தைகள் பெற்ற பிறகு வந்து 2008-இல் உலகப் பட்டம் வென்றார். வயதும் அவர் பக்கம் இருந்தது. ஜார்ஜ் ஃபோர்மேன் கதை வேறு. 1977-இல் விலகிப் போதகரானவர், ஹூஸ்டனில் தான் நடத்திய இளைஞர் மையத்துக்குப் பணம் வேண்டி 1987-இல் திரும்பினார். உடனே பட்டத்துக்குப் பாயவில்லை. சின்ன ஆட்களோடு ஆடி ஆடி உடம்பைப் பழக்கினார். 1991-இல் ஹோலிஃபீல்டிடம் புள்ளிகளில் தோற்றார். 1994 நவம்பர் 5 அன்று, 45 வயதில், 26 வயது உலக சாம்பியன் மைக்கேல் மூரரை எதிர்கொண்டார். ஒன்பது ரவுண்டு முடிவில் புள்ளிகளில் பின்தங்கியிருந்து, பத்தாவதில் ஒரு வலது கைக் குத்தில் சாய்த்தார். அன்று அவர் கார்னரில் நின்றவர்களில் ஒருவர் அதே டண்டீ! 1974-இல் கின்ஷாசாவில் ஃபோர்மேனை வீழ்த்திய அலியின் பக்கம் நின்றவரும் அவர்தான்.

1987-இல் சுகர் ரே லியோனார்ட், ஏறக்குறைய மூன்று ஆண்டு இடைவெளிக்குப் பின் ஹேக்லரை வென்றபோதும் அவர் பக்கம் டண்டீ இருந்தார். அங்கே 15 ரவுண்டு வேண்டாம் 12 போதும், ரிங் பெரிதாக வேண்டும் என்று முன்பே பேசி வாங்கியிருந்தார்கள். ஓடி ஆடுகிறவனுக்கு இடம் வேண்டும், மூச்சு மிஞ்ச வேண்டும் என்ற கணக்கு. அதே லியோனார்ட் 40 வயதில், 1997-இல், மறுபடி ஏறி கமாச்சோவிடம் ஐந்தாவது ரவுண்டில் தோற்றார்.

2024 நவம்பரில் 58 வயது மைக் டைசனை 27 வயது ஜேக் பாலோடு மோதவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. ரவுண்டு இரண்டு நிமிடம், எட்டே ரவுண்டு, கனமான கிளவுஸ் என்று விதிகளைத் தளர்த்தினார்கள். அத்தனை தளர்த்தினால்தான் ஒருவர் தாங்குவார் என்றால், ஏன் ஏற்ற வேண்டும்? அந்த ஜூன் மாதம்தான் டைசன் வயிற்றுப் புண்ணில் ரத்தம் இழந்து, பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டு பிழைத்திருந்தார்.

எங்கள் கூடத்தில் நாற்பது தாண்டியவர் பயிற்சிக்குக்கூட எதிராளியோடு மோத வேண்டுமென்றால், முதலில் தலைக்கு ஸ்கேன், கண்ணுக்குப் பரிசோதனை. பிறகு, நான் துண்டை எறிந்தால் அந்த நொடியே இறங்கிவிடுவேன் என்று வீட்டு ஆட்கள் முன்னால் சொல்ல வேண்டும். சொல்லத் தயங்குகிறவருக்கு கிளவுஸ் கட்டமாட்டேன்.