பூநாரை மிரளாத மோட்டார் எது? சைக்கிளை இ-பைக்கா மாத்துறவங்க கவனத்துக்கு!

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்கு பத்து கிலோமீட்டர் சொச்சம்தான். மேடே கிடையாது. ஆனா, கடல் எதிர்காத்து வீசுற அன்னைக்கு மிதிச்சுப் பாருங்க... மலையேறுற மாதிரி மூச்சு வாங்கும். அப்போதான் 'பெடல் அச்சுல ஒரு மோட்டாரை மாட்டி, மிட் டிரைவ் இ-பைக்கா மாத்திடலாமா?'ன்னு தோணும். தாராளமா மாத்தலாம். சைக்கிள் கியரை மோட்டாரும் பயன்படுத்திக்கும். காத்துக்கு ஏத்த மாதிரி கியரைக் குறைச்சுக்கலாம்.

சிக்கல், சத்தத்துல இருக்கு. குளிர்காலத்துல இங்கே வர்ற பூநாரைக் கூட்டம் ஒருமுறை மிரண்டு எழும்பினா, உங்களுக்கு ஒரு போட்டோ போச்சு, அவ்வளவுதான். அதுங்களுக்கு இரை தேடுற நேரமும் போகுது, சேர்த்துவெச்ச தெம்பும் கரையுது. 2002-ல் ராம்சர் பட்டியல்ல சேர்ந்த ஈரநிலம் இது. நம்ம வண்டியும் அதுக்கு ஏத்த மாதிரி இருக்கணும் இல்லையா?

பெரும்பாலான பறவைகளுக்கு 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான சத்தம் நல்லாவே கேட்கும். இப்போ ஒரு சின்ன கணக்கு. மோட்டார் நிமிஷத்துக்கு 3,000 சுத்து சுத்துதுன்னா, விநாடிக்கு 50. அதோட சின்ன பல்சக்கரத்துல 10 பல் இருந்தா, விநாடிக்கு 500 தடவை பல்லோடு பல் மோதும். அதோட மடங்குகளான 1,000, 1,500, 2,000 ஹெர்ட்ஸ்லயும் 'கீங்ங்'னு சத்தம் கிளம்பும். அதாவது, கத்துறது மோட்டார் இல்லை, பல்சக்கரம்!

நம்ம ஊர்ல மலிவா கிடைக்கிற, பிரஷ் வெச்ச எம்.ஒய்.1016இசட் மோட்டார்ல இருக்கிறது இரும்புப் பல். நேரா வெட்டின பல்லா இருந்தா, பல் முழுசும் ஒரே நேரத்துல 'டக்'னு மோதும். கூடவே தனிச் செயின் வேற. வயல் வேலைக்குப் போய்வர ஓகே. பறவை பார்க்க வேண்டாம். சாய்வா வெட்டின பல்லா இருந்தா கொஞ்சம் கொஞ்சமா வழுக்கி இணையும். அது நைலானா இருந்தா அதிர்வையும் உறிஞ்சிக்கும். பாஃபாங் பி.பி.எஸ். கிட்லயும், டாங்ஷெங் டி.எஸ்.டி.இசட்.2 கிட்லயும் முதல் கட்ட பல்சக்கரம் நைலான்தான். டாங்ஷெங்ல அது நீல கலர்ல இருக்கும். தேய்ஞ்சுபோச்சுன்னு சிலர் பித்தளைப் பல்சக்கரம் மாட்டுவாங்க. ஆயுசு கூடும், சத்தமும் கூடும். என் ஓட்டு நைலானுக்கே. ஆனா ஒண்ணு, சூடு ஏறினா நைலான் இளகும். எதிர்காத்துல பெரிய கியர்லயே முக்கிக்கிட்டு ஓட்டாதீங்க.

தனித்தனியா பார்ட்ஸ் வாங்கிச் சேர்க்கிறவங்க கன்ட்ரோலரையும் கவனிங்க. 'ஸ்கொயர் வேவ்' கன்ட்ரோலர் கரன்ட்டைப் படிப்படியா வெட்டி அனுப்பும், மோட்டார் உறுமும். 'சைன் வேவ்'ல சீரா போகும். மோட்டாரை மாத்தாமலே பாதி உறுமல் குறைய வாய்ப்பிருக்கிற இடம் இது.

வாங்குறதுக்கு முன்னாடி, பெடல் அச்சு போற குழாயை ஸ்கேல் வெச்சு அளந்துடுங்க. இந்த கிட்கள் பொதுவா 68 மி.மீ. அகலத்துக்கு. பொருந்தாததை இறுக்கினா சைக்கிள் ஃபிரேமே தவில் மாதிரி அதிரும். 250 வாட், 25 கி.மீ. வேகத்தைத் தாண்டினா அது மோட்டார் வாகனம். பதிவு, லைசென்ஸ்னு கேட்பாங்க. இந்தச் சமவெளிக்கு 250-ஏ தாராளம்.

கடையில பின்சக்கரத்தைத் தூக்கிச் சுத்திக் காட்டுவாங்க. அதை நம்பாதீங்க, சுமை இல்லாதப்போ எல்லா மோட்டாரும் சமர்த்துதான். கேரியர்ல ஃப்ரெண்டை உட்காரவெச்சு ஓட்டி, போன்ல ரெக்கார்டு பண்ணிக் கேளுங்க. உப்புக்காத்துல செயின் துருப்பிடிச்சா, மோட்டாரைவிட அதுதான் அதிகமா கத்தும். வாரம் ஒருதடவை துடைச்சு எண்ணெய் விடுங்க. சரணாலயத்துக்குள்ள வண்டியை விடலாமான்னு வனத்துறைகிட்ட முதல்லயே கேட்டுக்கோங்க. அனுமதி கிடைச்சாலும், பறவைக் கூட்டம் கண்ணுல பட்டதும் மோட்டாரை ஆஃப் பண்ணிட்டு மிதிங்க.